விண்கல்லும் பழைய பயணப் புத்தகமும் ஜோடியா சேர்க்கிறது எப்படி: பினாங்கு ஈரத்துக்கு ஏத்த முழு வழிகாட்டி

1818 ஆகஸ்ட்ல ஜான் ராஸ்ங்கிற பிரிட்டிஷ் கேப்டன் வடமேற்கு கிரீன்லாந்து பக்கம் கப்பல்ல போனப்போ அங்க பனியில வாழ்ந்த இனுவிட் மக்களைச் சந்திச்சார், அவங்க கையில எலும்புப் பிடி போட்ட கத்தி, அந்தக் கத்தியோட ஓரத்துல தட்டித் தட்டி தகடாக்கின சின்னச் சின்ன இரும்புத் துண்டு. மரமே இல்லாத ஊர்ல, உலையே இல்லாத ஊர்ல இரும்பு எப்படி வந்துச்சு? அந்த இரும்பு வானத்துலேர்ந்து விழுந்தது. ராஸ் அந்தப் பாறையைப் பார்க்கவே இல்ல, கேள்விப்பட்டதை மட்டும் 1819ல வெளிவந்த தன்னோட பயணப் புத்தகத்துல எழுதினார். ராஸ் போய் 76 வருஷம் கழிச்சு, 1894ல, அமெரிக்கத் துருவப் பயணி ராபர்ட் பியரிக்கு ஒரு இனுவிட் வழிகாட்டி அந்த இடத்தைக் காட்டினார். 1897ல சுமார் 31 டன் எடையுள்ள பெரிய பாறையை பியரி கப்பல்ல ஏத்தி நியூயார்க் கொண்டு போயிட்டார், அதையும் 1898ல ரெண்டு தொகுதியா புத்தகம் போட்டார். அந்தப் பாறை இன்னிக்கும் அமெரிக்கன் மியூசியம் ஆஃப் நேச்சுரல் ஹிஸ்டரியில இருக்கு. தலைமுறை தலைமுறையா அந்த மக்கள் இரும்பு எடுத்த இடம் ஒரே மூனு வருஷத்துல காலியாச்சு, இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

நான் கல்லையும் புத்தகத்தையும் ஜோடியா சேர்க்க ஆரம்பிச்சதுக்கு இந்தக் கதைதான் காரணம். கல்லை மட்டும் வச்சிருந்தா பார்க்கிறவங்க "கனமா இருக்கே"ன்னு சொல்லிட்டு கீழ வச்சிடுவாங்க, புத்தகம் மட்டும் இருந்தா அலமாரியில தூங்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு, அந்தக் கல்லை முதல்ல பார்த்த ஆள் எழுதின பக்கத்தை வாசிச்சுக் காட்டுங்க, கேட்கிறவங்க முகமே மாறிடும். கீழ எழுதியிருக்கிறது எல்லாம் மலேசியாவுல, பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு சாதாரண ஃபிளாட்ல உட்கார்ந்து வருஷக்கணக்கா கத்துக்கிட்டது. இதுக்குப் பெரிய பணக்காரரா இருக்கணும்னு அவசியம் இல்ல, பொறுமைதான் முக்கியம், அப்புறம் ஈரத்தோட சண்டை போடத் தெரியணும்.

படி 1: ஜோடியை முடிவு பண்ணுங்க

கண்ணுல பட்டதையெல்லாம் வாங்காதீங்க. முதல்ல ஒரு ஜோடி, அது முடிஞ்சதும் அடுத்தது. எனக்குப் பிடிச்ச சிலதைச் சொல்றேன்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு அர்ஜென்டினாவோட காம்போ டெல் சியலோ இரும்பு நல்லது, ஏன்னா ஏராளமா கிடைச்சிருக்கு. 1576லயே ஸ்பானிஷ்காரங்க அங்க உள்ள மக்கள் வழிகாட்ட போய் பார்த்திருக்காங்க. 1783ல ரூபின் டி செலிஸ்ங்கிற அதிகாரி போய் ஒரு பெரிய இரும்புப் பாறையைப் பார்த்தார், ஆனா அது வானத்துலேர்ந்து விழுந்ததுன்னு அவருக்குத் தோணல, எரிமலை கக்கினதுன்னு நினைச்சார். அவரோட அறிக்கை 1788ல லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல வந்துச்சு. அந்தப் பாறையை அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல!

அடுத்தது பல்லசைட். இரும்புக்குள்ள தேன் நிறத்துல ஆலிவின் கல் பதிஞ்சிருக்கும், மெல்லிசா சீவி வெளிச்சத்துல பிடிச்சா சர்ச் ஜன்னல் வண்ணக் கண்ணாடி மாதிரி ஜொலிக்கும். 1772ல சைபீரியாவுல பீட்டர் சைமன் பல்லாஸ்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர் பார்த்து எழுதின சுமார் 700 கிலோ கல்லாலதான் இந்த வகைக்கே அந்தப் பேரு. அந்தக் கல்லையும் வச்சுத்தான் 1794ல ஜெர்மன் விஞ்ஞானி கிளாட்னி "இதெல்லாம் வானத்துலேர்ந்து வருது"ன்னு துணிஞ்சு புத்தகம் போட்டார், அப்போ நிறைய பேர் நம்பல. பல்லாஸ் பார்த்த கல்லோட துண்டு நமக்குக் கட்டுபடியாகாது, 1967ல ரஷ்யாவுல கண்டெடுத்த சேய்ம்சான் கல்லோட சின்ன ஸ்லைஸ் அந்த இடத்துக்குப் போதும்.

நமீபியாவோட கிபியோன் இரும்புக்கு ஜேம்ஸ் அலெக்சாண்டர் 1838ல வெளியிட்ட ஆப்பிரிக்கப் பயணப் புத்தகம் ஜோடி. அரேபியப் பாலைவனத்து வாபர் விண்கல்லுக்கு பிரிட்டிஷ் பயணி ஃபில்பியோட 1933 புத்தகம். ஃபில்பி 1932ல மணலுக்குள்ள புதைஞ்ச ஒரு நகரத்தைத் தேடிப் போனார், கிடைச்சதோ பெரிய பள்ளங்கள், சுத்தி கருப்புக் கண்ணாடி மணிகள். கூட வந்தவங்க அதை அந்தக் காலத்து ராஜா வீட்டுப் பெண்களோட முத்துன்னு பொறுக்கினாங்க, ஃபில்பி எரிமலையோன்னு நினைச்சார், லண்டன்ல பார்த்தப்புறம்தான் விண்கல் விழுந்து மணல் உருகின இடம்னு தெரிஞ்சுது. இந்தப் பக்கங்களை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல.

சில ஜோடியில கல் கிடைக்கவே கிடைக்காது, அதையும் ஏத்துக்கணும். 1912 டிசம்பர் 5, ஆஸ்திரேலியர் மாசனோட அண்டார்டிகா பயணக் குழுவைச் சேர்ந்த பிக்கர்டன் பனி மேல ஒரு கருப்புக் கல்லைப் பார்த்தார், அண்டார்டிகாவுல கிடைச்ச முதல் விண்கல் அதுதான். மாசன் 1915ல போட்ட ரெண்டு தொகுதி புத்தகத்தை வாங்கலாம். அண்டார்டிகா கல்லுங்க ஆராய்ச்சிக்கு மட்டும்தான், விற்பனைக்கு இல்ல. யாராவது விக்கிறேன்னு வந்தா நகர்ந்துடுங்க.

கையில காசு ரொம்பக் கம்மின்னா டெக்டைட்லேர்ந்து தொடங்குங்க. இது விண்கல் இல்ல, சுமார் 7,90,000 வருஷத்துக்கு முன்னாடி நம்ம தென்கிழக்காசியா பக்கம் பெரிய விண்கல் மோதினப்போ பூமியோட மண்ணே உருகித் தெறிச்சு ஆறின கருப்புக் கண்ணாடி. தாய்லாந்து, வியட்நாம்லேர்ந்து நிறைய வருது, நம்ம மலாயா ஈயச் சுரங்கங்கள்லயும் கிடைச்சிருக்கு. ஆஸ்திரேலியாவுல கிடைச்ச இதே வகைக் கல்லை டார்வின் 1844 புத்தகத்துல படம் போட்டு விவரிச்சார், அவர் அதை எரிமலைக் கண்ணாடின்னு நினைச்சார். நம்ம காலடி மண்ணுல ஒரு கதை, கையில பத்து இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு துண்டு, இதைவிட நல்ல ஆரம்பம் என்ன இருக்கு?

படி 2: முதல் கல்லை வாங்குறது

விண்கல்லுங்க மூனு வகை: கல், இரும்பு, ரெண்டும் கலந்தது. விழும்போது பார்த்து எடுத்ததுல பெரும்பாலானது கல் வகைதான், ஆனா கடையில கண்ணைப் பறிக்கிறது இரும்பு. முதல் வருஷத்துக்கு ஒரு சின்ன காம்போ டெல் சியலோ துண்டு, 1947 பிப்ரவரி 12ல ரஷ்யாவுல விழுந்த சிகோட்டே அலின் துண்டு ஒன்னு, வடமேற்கு ஆப்பிரிக்கக் கல்லோட வெட்டின ஸ்லைஸ் ஒன்னு, இது போதும். ஸ்லைஸ்ல காண்ட்ரூல்னு சொல்ற கடுகு அளவு உருண்டைங்க தெரியும், சூரியக் குடும்பம் உருவான காலத்துல உருகி ஆறின துளிங்க அது, பூமியில எந்தக் கல்லுலயும் இருக்காது. லென்ஸ் வச்சு ஒரு தடவை பார்த்துட்டா அப்புறம் உங்க கண்ணு தானாவே தேடும்.

வாங்கும்போது விக்கிறவர்கிட்ட கேட்க வேண்டியது கல்லோட பேரு, எடை, அவருக்கு அது யார்கிட்டேர்ந்து வந்துச்சுங்கிறது. பேரு சொன்னா உடனே மீட்டியோரிட்டிக்கல் சொசைட்டியோட ஆன்லைன் பதிவுல தேடுங்க, அங்கீகாரம் கிடைச்ச ஒவ்வொரு விண்கல்லும் அதுல இருக்கு, எங்க எப்போ கிடைச்சுது, மொத்த எடை என்ன, எந்த வகைன்னு போட்டிருக்கும். பேரே இல்லாம "விண்கல், ஒரிஜினல், கேரண்டி"ன்னு மட்டும் போட்டா வாங்காதீங்க. ஐஎம்சிஏன்னு விண்கல் சேகரிக்கிறவங்களோட உலகச் சங்கம் ஒன்னு இருக்கு, அதுல உறுப்பினரா இருக்கிற வியாபாரிங்க உறுப்பினர் எண்ணைப் போடுவாங்க, ஆரம்பத்துல அவங்ககிட்ட மட்டும் வாங்குறது நிம்மதி.

விலையைப் பத்தி ஒன்னு. 2020 ஆகஸ்ட் 1, நம்ம கடலுக்கு அந்தப் பக்கம் வடக்கு சுமத்ராவுல கோலாங்ல ஒரு சவப்பெட்டி செய்றவர் வீட்டுக் கூரையைப் பிச்சுக்கிட்டு விண்கல் விழுந்துச்சு, அவர் ஒரே நாள்ல கோடீஸ்வரர் ஆயிட்டார்னு உலகம் முழுக்க செய்தி ஓடுச்சு. அவருக்கு உண்மையில கிடைச்சது 20 கோடி ரூபியா, அப்போதைய கணக்குல சுமார் 14,000 அமெரிக்க டாலர். நல்ல தொகைதான், ஆனா செய்தியில வந்த தொகை எங்க, இது எங்க. அதனால லாபத்துக்காக இதுல இறங்காதீங்க, கூரையைப் பார்த்துக்கிட்டு உட்காரவும் வேணாம்.

படி 3: கையில இருக்கிறது விண்கல்தானா?

நான் சேர்க்கிறேன்னு தெரிஞ்சதுலேர்ந்து ஆளுங்க கல்லோட வர்றாங்க. பட்டர்வொர்த்லேர்ந்து ஒரு மாமா செய்தித்தாள்ல சுத்தி பைக் கூடையில வச்சு ஒரு கருப்புக் கல்லைக் கொண்டு வந்தார், அவரோட அப்பா காலத்துலேர்ந்து சாமி மேடையில வச்சிருந்ததாம். நல்ல கனம், பளபளப்பு. திருப்பிப் பார்த்தா அடியில பூரா குமிழ் குமிழா ஓட்டை. "மாமா, இது உலையில கழிஞ்ச கசடு, நம்ம பக்கம் ஈயம் உருக்கின காலத்துல நிறைய கிடந்திருக்கும்"னு சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வச்சிருந்துட்டு "எங்க அப்பா ஈயத்துலதான் வேலை பார்த்தாரு"ன்னார். அந்தக் கல் மறுபடியும் சாமி மேடைக்கே போச்சு, அதுதான் அதுக்கு சரியான இடம்.

சோதிக்கிறது இப்படி. முதல்ல கண்ணு: குமிழ் ஓட்டை இருந்தா பெரும்பாலும் கசடு. புதுசா விழுந்த கல்லுக்கு வெளியில தீக்குச்சி கருகின மாதிரி மெல்லிய கருப்புத் தோல் இருக்கும், இரும்புக்கு மாவுல கட்டைவிரல் அழுத்தின மாதிரி பள்ளம் இருக்கும். அப்புறம் காந்தம்: சின்ன காந்தத்தை நூல்ல கட்டித் தொங்கவிட்டு கல்லை பக்கத்துல கொண்டு போங்க, இழுக்குதா பாருங்க. பெரிய நியோடிமியம் காந்தத்தை கல் மேல ஒட்டாதீங்க, கல்லுக்குள்ள இருக்கிற பழைய காந்தப் பதிவு அழிஞ்சிடும், ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷம். காந்தம் இழுத்தா மட்டும் விண்கல் ஆயிடாது, மேக்னடைட்ங்கிற சாதாரண இரும்புத் தாதுவும் இழுக்கும். அதுக்குத்தான் டைல் சோதனை: பாத்ரூம் டைலோட பின்பக்கம், மினுமினுப்பு இல்லாத பக்கம், கல்லைத் தேய்ச்சுப் பாருங்க. செங்கல் நிறத்துல கோடு விழுந்தா ஹெமடைட்ங்கிற இன்னொரு இரும்புத் தாது, கருப்பா விழுந்தா மேக்னடைட், விண்கல் பெரும்பாலும் கோடே போடாது.

அடர்த்தி பார்க்க சமையல் தராசு போதும். கல்லை முதல்ல காய்ஞ்ச நிலையில எடை போடுங்க, 84 கிராம்னு வைங்க. தராசு மேல தண்ணிக் கிண்ணம் வச்சு பூஜ்யம் ஆக்கிட்டு கல்லை நூல்ல கட்டி தண்ணிக்குள்ள மூழ்க விடுங்க, அடியைத் தொடக்கூடாது. தராசு 25 காட்டினா 84ஐ 25ஆல வகுங்க, 3.36. சாதாரணக் கல் வகை விண்கல் 3.2லேர்ந்து 3.6 பக்கம் வரும், இரும்பு 7க்கு மேல, டெக்டைட் 2.4 பக்கம். இரும்புக்கு இந்தத் தண்ணிச் சோதனை வேணவே வேணாம், ஏன்னு அடுத்த படியில சொல்றேன். சந்திரன்லேர்ந்தும் செவ்வாய்க் கிரகத்துலேர்ந்தும் வந்த விண்கல்லுங்களை காந்தம் கிட்டத்தட்ட இழுக்காது, வீட்டுச் சோதனையும் செல்லாது, ஆய்வகச் சான்று இருந்தா மட்டும் வாங்குங்க.

பெரும்பாலான இரும்புல இன்னொரு அடையாளம், வெட்டி மெருகேத்தி ஆசிட்ல லேசா அரிச்சா பாய் பின்னின மாதிரி குறுக்கும் நெடுக்குமா கோடு வரும், விட்மன்ஸ்டாட்டன் கோடுன்னு பேரு. நிக்கல் கலந்த இரும்பு லட்சக்கணக்கான வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ஆறினாதான் அந்தக் கோடு உள்ளுக்குள்ள வளரும், எந்தத் தொழிற்சாலையாலயும் அதைச் செய்ய முடியாது.

படி 4: ஈரம்

இந்தப் படியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. வெளிநாட்டுக்காரங்க எழுதின வழிகாட்டியில கல்லை கண்ணாடி அலமாரியில வைங்கன்னு முடிச்சிடுவாங்க, அவங்க ஊர்ல அது சரி. இங்க காத்துல ஈரப்பதம் 80 சதவீதம் சர்வ சாதாரணம், கடல் காத்துல உப்பும் இருக்கு.

நான் முதன்முதல்ல வாங்கின பெரிய துண்டு ஸ்வீடன்ல கிடைச்ச முயோனியோனலுஸ்டா ஸ்லைஸ், அந்தப் பாய்ப் பின்னல் கோடு அவ்வளவு அழகா இருக்கும். சாப்பாட்டு மேசை பக்கத்துல கண்ணாடி ஷோகேஸ்ல வச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மழைநாள் சாயந்திரம் பார்க்கிறேன், கல்லோட ஓரத்துல கசகசா அளவு ஒரு பழுப்புத் துளி, வேர்வை முத்து மாதிரி நிக்குது. துணியால தொட்டேன், துணியில துருக்கறை, கீழ வெள்ளிக் கோடு அரிச்சுப் போய் குழி. மறுநாள் அதே இடத்துல மறுபடியும் துளி. மண்ணுக்குள்ள ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்த இரும்புக்குள்ள குளோரைடு ஊறியிருக்கும், அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து துருவாக்கும், அந்தத் துருவிலேர்ந்து குளோரைடு திரும்ப வெளிய வந்து அடுத்த இரும்பைத் தின்னும், நிக்கவே நிக்காது. கோடி வருஷம் தாக்குப் பிடிச்ச ஒரு பொருள் என் வீட்டு ஷோகேஸ்ல ரெண்டு மாசத்துல அழுக ஆரம்பிச்சது எனக்கு ரொம்ப வலிச்சுது.

அதனால வாங்குறதுக்கு முன்னாடியே வீட்டைத் தயார் பண்ணுங்க. கேமராக்காரங்க வச்சிருக்கிற, ஈரத்தைக் குறைக்கிற டிரை கேபினெட் ஒன்னு, ஈரப்பதத்தை 30 சதவீதத்துல வைங்க. அதுக்கு காசு இல்லைன்னா காத்துப் புகாத, மூடியில ரப்பர் வச்ச சாப்பாட்டு டப்பா, உள்ள நல்லா தாராளமா சிலிகா ஜெல், பக்கத்துல ஒரு சின்ன ஈரமானி. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்க, ஈரம் குடிச்சா பச்சையாகும், அப்போ ஓவன்ல 110லேர்ந்து 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வச்சா திரும்ப ஆரஞ்சாகும். நீல நிற ஜெல்லுல கோபால்ட் குளோரைடு இருக்கும், அது உடம்புக்கும் ஆகாது, வேணாம்.

துரு தெரிஞ்சா உடனே செய்ய வேண்டியது: பித்தளை பிரஷ்ஷால மெல்லத் தேய்ச்சு எடுங்க, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல ஊற வைங்க, நிறம் மாறினா புது ஆல்கஹால் மாத்துங்க, அது தெளிவா நிக்கிற வரைக்கும். ஜன்னலைத் திறந்து வச்சு செய்யுங்க, பக்கத்துல அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. நல்லா காய்ஞ்சப்புறம் ஜெல் டப்பாவுல ரெண்டு நாள், அப்புறம் மியூசியங்கள்ல பூசுற ரெனசான்ஸ் மெழுகு மெல்லிசா ஒரு பூச்சு. ஆல்கஹால் ஈரத்தோட ஓவன்ல மட்டும் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கையுறை போட்டுக்கிட்டுத் தொடுங்க, நம்ம வேர்வையிலயும் உப்பு இருக்கு.

என் அனுபவத்துல சிகோட்டே அலினும் கிபியோனும் நம்ம ஊர்ல தாக்குப் பிடிக்குது, காம்போவைக் கண்காணிக்கணும், முயோனியோனலுஸ்டாவும் சீனாவோட நான்டானும் அனுபவம் வந்தப்புறம் வாங்குங்க. டெக்டைட் கண்ணாடி, அதுக்கு ஒன்னும் ஆகாது.

ஒரு முக்கியமான விஷயம், கல்லும் புத்தகமும் ஜோடின்னாலும் ஒரே பெட்டியில வைக்கக்கூடாது. இரும்புக்கு 30 வேணும், காகிதத்துக்கும் தோல் அட்டைக்கும் 45லேர்ந்து 55 வேணும், அதைவிடக் காய்ஞ்சா தோல் வெடிக்கும், முதுகு பிளக்கும். 60, 65ஐத் தாண்டினா பூஞ்சை. நான் ரெண்டு கேபினெட் வச்சு, ரெண்டுலயும் ஒரே நம்பர் ஒட்டியிருக்கேன்.

படி 5: புத்தகம் தேடுறது

நம்ம ஊர்ல ஆரம்பம் சௌராஸ்தா மார்க்கெட் மாடிதான். கீழ ஜாதிக்காய், ஊறுகாய் வாசம், மேல ஏறினா பழைய காகித வாசம், பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க, தமிழ்லேயே பேசி வாங்கலாம். அவசரப்பட்டுக் கேட்காதீங்க, ரெண்டு மூனு வாட்டி போய் முகம் பழகட்டும். நான் பழகின பாய் ஒருத்தர் "தம்பி, நீ கேக்குற மாதிரி பழைய வெள்ளைக்காரன் பொஸ்தகம் வந்தா எடுத்து வெக்கிறேன், ஆனா வந்து பாக்கணும், போன்ல வெல பேசக்கூடாது"ன்னு சொல்லி வச்சிருக்கார், சொன்ன மாதிரியே எடுத்தும் வைப்பார். ஞாயித்துக்கிழமை காலையில லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையையும் ஒரு சுத்து சுத்துங்க. கேஎல் பக்கம் இருக்கிறவங்களுக்கு அம்கார்ப் மால்ல வாரக்கடைசி சந்தை இருக்கு.

அங்கெல்லாம் 1819 ராஸ் கிடைக்குமான்னா, கிடைக்காது. கிடைக்கிறது என்னன்னா ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் கோலாலம்பூர்ல போட்ட பழைய பயண நூல்களோட மறுபதிப்பு. இசபெல்லா பேர்ட் 1879ல நம்ம பினாங்கு, லாரூட், கோலகங்சார் எல்லாம் சுத்திட்டு 1883ல போட்ட மலாயா பயணப் புத்தகம் 1967ல அப்படி மறுபதிப்பா வந்துச்சு. பினாங்குல இறங்கினதும் நம்ம தமிழ் ஆளுங்களைப் பத்தி அவங்க எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பாருங்க, நம்ம தெருவையே வேற ஒருத்தர் கண்ணால பார்க்கிற மாதிரி இருக்கும். மறுபதிப்பு வாங்குறதை யாரும் குறைவா நினைக்க வேணாம், முதல்ல படிச்சு அந்தப் புத்தகம் உங்களுக்கு வேணுமான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பழைய பதிப்புக்குப் போங்க. மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1838ல கிளந்தானுக்கு கடல் வழியா போன பயணத்தைப் பத்தி எழுதினதையும் மறந்துடாதீங்க, மலாக்காவுல சின்ன வயசுலேயே தமிழ் படிச்சவர், நம்ம சேகரிப்புல அவருக்கு ஒரு இடம் கண்டிப்பா உண்டு.

பழைய பதிப்புக்கு ஆன்லைன்தான். ஏப்புக்ஸ், வயாலிப்ரின்னு ரெண்டு பழைய புத்தகத் தளத்துலயும் தேடி ஒரே புத்தகத்தோட பத்து பிரதியை ஒப்பிடுங்க. பழசுன்னா விலை அதிகம்னு நினைக்காதீங்க. லிவிங்ஸ்டன் 1857ல போட்ட ஆப்பிரிக்கப் பயணப் புத்தகம் அப்பவே பல பத்தாயிரம் பிரதி வித்துச்சு, ஸ்டான்லியோட 1890 புத்தகமும் அப்படித்தான், அதனால இன்னிக்கும் சாதாரண விலையில கிடைக்குது. வாலஸோட 1869 மலாய்த் தீவுப் புத்தகத்தோட ரெண்டு தொகுதி முதல் பதிப்பு, பச்சைத் துணி அட்டை தங்க எழுத்து, அது வேற கதை, ஆனா பிற்பாடு வந்த ஒரே தொகுதி பதிப்புங்க கைக்கெட்டுற விலைதான்.

படி 6: பக்கம் எண்ணுங்க

பயணப் புத்தகத்துல உயிரே வரைபடமும் படமும்தான், வெட்டி ஃப்ரேம் போட்டு விக்கிறவங்களும் அதைத்தான் குறி வைப்பாங்க. வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்ச ஒரு துருவப் பயணப் புத்தகம், "நல்ல நிலை, முழுமை"ன்னு போட்டிருந்தாங்க. பார்சல் பிரிச்சு ராத்திரி விளக்குக்குக் கீழ ஒவ்வொரு தாளா புரட்டினேன். நடுவுல ஒரு இடத்துல, தையல் ஓரத்துல, விரல் நகம் அகலத்துக்கு ஒரு காகித விளிம்பு மட்டும் நிக்குது, ரேசர்ல இழுத்த மாதிரி நேர்க்கோடு. எதிர்ப் பக்கத்துல அந்த வரைபடம் பல காலம் அழுந்திக் கிடந்ததுல மங்கலா ஒரு கடற்கரைக் கோடு பழுப்பா பதிஞ்சிருந்துச்சு. வரைபடம் போயிடுச்சு, நிழல் மட்டும் இருக்கு. திருப்பி அனுப்பிட்டேன், பணமும் வந்துச்சு, ஆனா அந்தக் கோடு இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஆர்க்கைவ் டாட் ஆர்க்ங்கிற இணைய நூலகத்துல அதே பதிப்போட ஸ்கேன் தேடி எடுங்க. முன்னாடி இருக்கிற படப் பட்டியலை எழுதிக்கிட்டு விக்கிறவர்கிட்ட ஒவ்வொன்னும் இருக்கான்னு கேளுங்க, மடிப்பு வரைபடம் எத்தனை, கிழிசல் இருக்கா, அரைத்தலைப்புப் பக்கம் (புத்தகத்தோட பேரு மட்டும் இருக்கிற முன் தாள்) இருக்கா, முதுகு மாத்தினதா, நூலக முத்திரை இருக்கான்னு கேளுங்க. நூலகப் பிரதி விலை குறைவு, படிக்க வாங்குறவங்களுக்கு அது நல்ல பேரம்தான். வருஷத்தை மட்டும் பார்த்து முதல் பதிப்புன்னு முடிவு பண்ணாதீங்க, ஒரே வருஷத்துல ரெண்டாவது மூணாவது அச்சும் வந்திருக்கும், தலைப்புப் பக்கமும் அதோட பின்பக்கமும் பாருங்க. பழுப்புப் புள்ளிங்க இருந்தா பயப்பட வேணாம். துருவப் பயணி ஷாக்கிள்டனோட 1919 புத்தகம் போர்க்கால மட்டமான காகிதத்துல அச்சானது, அது பழுப்பா இல்லாம பளிச்சுன்னு இருந்தாதான் சந்தேகப்படணும்.

படி 7: பூச்சி, பூஞ்சை

புதுசா வர்ற எந்தப் புத்தகத்தையும் நேரா அலமாரியில வைக்காதீங்க, ஒரு மாசம் தனியா வைங்க. வெள்ளியா மினுக்கிக்கிட்டு ஓடுற ராமபாணப் பூச்சி பசையையும் துணி அட்டையையும் சுரண்டும், கரப்பான் அட்டையை நக்கும், கரையான் வந்துட்டா சொல்லவே வேணாம். பூச்சி சந்தேகம் இருந்தா பிளாஸ்டிக் பையில காத்தை அழுத்தி எடுத்து சீல் பண்ணி வீட்டு ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்தப்புறம் பையைப் பிரிக்காம ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்க, இல்லைன்னா தண்ணி கோத்துக்கும். நம்ம பெரியவங்க ஏட்டுச் சுவடிக்கு வசம்பு வச்ச மாதிரி துணியில வசம்பு கட்டி அலமாரி மூலையில வைக்கலாம், புத்தகத்தைத் தொடாம. ரசகற்பூர உருண்டை வேணாம், அந்தப் புகை நமக்கும் ஆகாது.

அலமாரியை வெளிச்சுவர்ல ஒட்டி வைக்காதீங்க, ரெண்டு இன்ச் இடைவெளி விடுங்க. கீழ்த்தட்டு தரையிலேர்ந்து ஒரு முழம் மேல இருக்கட்டும், 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரங்களுக்கு இதை விளக்க வேணாம். ஏர்கோன் ராத்திரி போட்டு பகல்ல அணைக்கிற ரூம்ல வைக்காதீங்க, சில்லுன்னு ஆறின அட்டையில சூடான ஈரக் காத்து பட்டா பூஞ்சைக்கு விருந்து. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுற பிளாஸ்டிக் அட்டை, செல்லோடேப், லேமினேட் மூனும் கூடவே கூடாது.

படி 8: சட்டமும் வரியும்

அர்ஜென்டினா, நமீபியா ரெண்டு நாட்டுலேர்ந்தும் இப்போ விண்கல்லை அனுமதியில்லாம வெளிய கொண்டு வர முடியாது, ஆஸ்திரேலியாவுக்கும் ஏற்றுமதி அனுமதி வேணும். அதனால காம்போ, கிபியோன் வாங்கினா எப்போ அந்த நாட்டை விட்டு வந்த துண்டுன்னு பழைய சேகரிப்பு விவரம் எழுதி வாங்குங்க. நம்ம பக்கம் 2024 ஜனவரி 1லேர்ந்து ஆன்லைன்ல வெளிநாட்டுல வாங்குற 500 வெள்ளி வரைக்கும் உள்ள சாமானுக்கு 10 சதவீத விற்பனை வரி இருக்கு, கணக்குல சேர்த்துக்குங்க. பார்சல்ல உண்மையான விலையும் விவரமும் போடச் சொல்லுங்க.

படி 9: சீட்டு

லேபிள் தொலைஞ்ச விண்கல் வெறும் கல். பழைய சேகரிப்பாளர்ங்க கல் மேலயே சின்னதா பெயிண்ட்ல நம்பர் எழுதுவாங்க, பழைய லேபிள் ஏதாவது கூட வந்தா அதைத் தனி உறையில பத்திரப்படுத்துங்க, அதுல எவ்வளவு அழுக்கு இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. நான் ஒரு அட்டையில கல்லோட பேரு, எடை, யார்கிட்ட எப்போ வாங்கினது, புத்தகத்தோட பதிப்பு, வருஷம், அந்தக் கல் வர்ற பக்க எண், எல்லாத்தையும் பென்சில்ல எழுதி, ஒரு நகலை கல் டப்பாவுலயும் ஒன்னைப் புத்தகத்துக்கு வெளியிலயும் வைப்பேன். வருஷா வருஷம் அக்டோபர்ல, மழை கனக்கிறதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் வெளிய எடுத்து எடை போட்டுப் பார்க்கிறேன். துரு பிடிக்கிற கல் எடை கூடும், கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே தராசு சொல்லிடும். போன அக்டோபர்ல என் முயோனியோனலுஸ்டா, அந்த முதல் துண்டு, மூனு வருஷமா அதே 212.4 கிராம்ல நிக்குது.